தவளை ஓடைக்குத் தெற்கே

வல்கா என்ற ஊர் இரண்டு நாடுகளில் இருக்கிறது. 1920-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்டீபன் டாலன்ட்ஸ் ஊரின் நடுவே கோடு கிழித்து, பெரும்பகுதியை எஸ்டோனியாவுக்கும் மிச்சத்தை லாட்வியாவுக்கும் பிரித்துக் கொடுத்தார். ரோமன் எழுத்தில் இரு நாட்டுப் பெயருக்கும் ஓரெழுத்து வேறுபடும். எஸ்டோனியக் ககரம் மெலிந்தது, லாட்வியக் ககரம் வலிந்தது. தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. எல்லையோரமாக ஓர் ஓடை ஓடுகிறது. 2007 டிசம்பரில் ஷெங்கன் ஏற்பாடு வந்தபிறகு கடவுச்சீட்டை எடுக்காமலே அதைத் தாண்டலாம். எஸ்டோனியர்களுக்கு அது கொன்னஒயா. கொன் என்றால் தவளை, ஒயா என்றால் ஓடை. லாட்வியர்களுக்கு வர்ஷுபீத்தெ. அதற்கும் தவளைச் சிற்றாறு என்றே பொருள். ஊரின் பெயர் ஒலியாகக் கைமாறியிருக்கிறது, ஓடையின் பெயர் பொருளாகக் கைமாறியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மூன்றாவது வகையும் கிடைக்கும். லாட்வியாவின் கௌயா ஆற்றை எஸ்டோனியர்கள் கொய்வா என்கிறார்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டு பெயர்கள், ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடவே இல்லை. ஒரு மொழியின் பெயர் அண்டை மொழிக்குள் போகும் வழிகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். மூன்றையும் இந்த வட்டாரத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்பதால், இடப்பெயர்களைப் பற்றி யோசிப்பவர்களுக்குப் பயணத்தைத் தொடங்க இதைவிட வசதியான ஊர் இல்லை.

இங்கிருந்து தெற்கும் தென்கிழக்குமாகப் போகும் பாதையில் தென் எஸ்டோனிய மொழி பேசியவர்களின் மூன்று தீவுகள் இருந்தன. தீவு என்றால் கடல் நடுவே இருப்பதல்ல, லாட்விய, ரஷ்யப் பேச்சுக்கு நடுவே இருந்த எஸ்டோனியப் பேச்சு. இல்ஸெனெ, லெயாஸ்ட்ஸியெம்ஸ் பக்கத்தில் லெய்வு மக்கள். லுட்ஸா நகரைச் சுற்றி லுட்சி மக்கள். எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் பிஸ்கோவ் பகுதியில் கிராஸ்னா மக்கள். முதலாமவர் லூத்தரன்கள், இரண்டாமவர் கத்தோலிக்கர், மூன்றாமவர் ஆர்த்தடாக்ஸ். ஒவ்வொரு கூட்டமும் சுற்றியிருந்தவர்களின் கோயிலுக்கே போனது, சில தலைமுறைகளில் அவர்களின் மொழிக்கும் போய்விட்டது. கிராஸ்னா பேச்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அடங்கிவிட்டது. லெய்வு பேசிய கடைசி மனிதர் 1988-இலும், லுட்சி பேசிய கடைசி மனிதர் 2006-இலும் இறந்தார்கள். இப்படிப்பட்ட மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு வாக்கியத்தில் போய் நிற்பார்கள்: மொழி போனாலும் மண்ணில் பெயர்கள் நிற்கின்றன, பெயர்களைத் தொடர்ந்து போனால் அந்த மக்கள் வாழ்ந்த எல்லையை வரைந்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பாதையிலேயே அது பொய்த்துப்போகிறது என்பதுதான் என் கட்சி. ஒரு பெயரை விட்டுச்செல்வது போகிறவர் கையில் இல்லை, அதை எடுத்துக்கொள்கிறவர் கையில் இருக்கிறது. வரைபடத்தில் இன்று நிற்கும் எஸ்டோனியப் பெயர்கள் எஸ்டோனியர் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டுவதைவிட, அவர்களின் பெயரை வாங்கி வைத்துக்கொள்ள எங்கே ஓர் ஏற்பாடு இருந்தது என்பதைத்தான் தெளிவாகக் காட்டுகின்றன.

கௌயா 452 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. அது லாட்வியாவின் வடக்கு மாநிலமான விட்ஸெமெயின் மேட்டுநிலத்தில் கிளம்பிக் கிழக்கே போய், லெயாஸ்ட்ஸியெம்ஸ் பக்கமாக வடக்கே திரும்பி, எஸ்டோனிய எல்லையைத் தொட்டுவிட்டு, மனம் மாறியதுபோல் தென்மேற்கே வளைந்து ரிகா வளைகுடாவில் விழுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்ட லிவோனிய ஹென்றியின் நாளாகமத்தில் இந்த ஆற்றின் பெயர் கொய்வா. பிர்ச் மரத்துக்கான தென் எஸ்டோனியச் சொல் கொய்வ்; ஆற்றின் பெயரை அந்த மரத்தோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு. பேராறுகளின் பெயர்கள் பிடிவாதமானவை. ஆளும் மொழி மாறினாலும் அவை அசைவதில்லை என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் சொல்வார்கள். இங்கே அதுகூட முழுதாகப் பலிக்கவில்லை. நாளாகமக்காரரின் காதில் விழுந்த கொய்வா இன்று லாட்வியாவின் எந்தப் பாலத்துப் பலகையிலும் இல்லை, எஸ்டோனியர் வாயில் மட்டும் இருக்கிறது. அதே நாளாகமம் அஸ்திகெர்வெ என்று ஓர் ஏரியைச் சொல்கிறது. பெயரின் பின்பாதி ஏரியைக் குறிக்கும் எஸ்டோனியச் சொல்லான யார்வ்; எஸ்டோனியர்கள் இன்றும் அதை அஸ்தியார்வ் என்கிறார்கள். லாட்வியாவில் அதன் பெயர் புர்ட்னியெக்ஸ். பெரிய ஆறும் பெரிய ஏரியும் பழைய பெயரை உதிர்த்துவிட்ட இந்த மாநிலத்தில், லெய்வு மக்களின் சுவடு தேடுகிறவர் கண்ணைத் தாழ்த்த வேண்டும். ஆற்றை விட்டு ஒற்றை வீட்டைப் பார்க்க வேண்டும்.

விட்ஸெமெ கிராமப்புறத்தில் நம் கண்ணுக்குப் பழகிய ஊர் கிடையாது. வயலும் காடும் நீளும். அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலையிலிருந்து மண்பாதை பிரியும். அந்த முனையில் ஒரு கம்பத்தில் சின்னப் பலகை. அதில் கதவெண் இருக்காது, ஒரு பெயர் இருக்கும். அது பண்ணைவீட்டின் பெயர். கடிதமும் அந்தப் பெயருக்குத்தான் வரும், அண்டை அயலாரும் ஆளை அந்தப் பெயரால்தான் குறிப்பார்கள். குடும்பம் மாறினாலும் பெயர் மாறாது. புதிதாகக் குடிவந்தவரைப் பழைய வீட்டுப் பெயரோடு சேர்த்துத்தான் ஊர் அழைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன் அரசு, விட்ஸெமெ அடங்கிய லிவோனியாவின் ஜமீன் நிலங்களை அளந்து, எந்தப் பண்ணை எவ்வளவு தானியம், எத்தனை நாள் உழைப்பு தர வேண்டும் என்று ஏடுகளில் எழுதியது. வரிவாங்க ஒரு பெயர் வேண்டும். எழுத்தர் ஜெர்மன் பேசுபவர்; உழவன் சொன்ன ஒலியைத் தன் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டார். 1819-இல் லிவோனிய மாகாணத்தில் கொத்தடிமை முறை ஒழிந்து, அடுத்த சில ஆண்டுகளில் உழவர்களுக்குக் குடும்பப்பெயர் வழங்கப்பட்டபோதும் பண்ணைப் பெயர்கள் கலையவில்லை. அந்தப் பண்ணையில் மூன்றாவது தலைமுறை எஸ்டோனியத்தை மறந்து லாட்வியத்தில் பேசினாலும், பெயர் ஏட்டிலும் அயலார் வாயிலும் இருந்தது. வீட்டுக்குள் மொழி மாறியதால் வீட்டின் பெயர் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. இல்ஸெனெ, கல்ன்செம்பி சுற்றுவட்டாரத்தில் லாட்வியச் சொல்லால் விளங்காத, எஸ்டோனியச் சொல்லால் விளங்குகிற பண்ணைப் பெயர்களை ஆய்வாளர்கள் கண்டதற்கு இந்த வரிக்கணக்குதான் பெரிய காரணம். பாட்டன் பெயரைக் காப்பாற்றியது பாசத்தைவிட வசூல் என்று சொல்வது கொஞ்சம் குரூரம்தான், ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது உண்மை.

விளங்குகிற பெயர் என்று சொல்லும்போதே எச்சரிக்கையும் வேண்டும். லாட்வியம் எந்தப் பெயரையும் தன் இலக்கணச் சட்டை மாட்டாமல் உள்ளே விடாது. எஸ்டோனியத் தலைநகர் தால்லின் லாட்வியத்தில் தல்லினா. பண்ணைப் பெயர்களோ பெரும்பாலும் பன்மை விகுதி எடுக்கும். சட்டைக்குள் இருக்கும் உடலைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. சில இடங்களில் தையல் வெளியே தெரியும். எஸ்டோனியாவின் பெரிய தீவு ஸாரெமா. ஸார் என்றால் தீவு, மா என்றால் நிலம். லாட்வியர்கள் அதை ஸாம்சலா என்கிறார்கள். முன்பாதி அந்த ஸாரெமாவின் தேய்ந்த வடிவம் என்று ஒரு விளக்கம் உண்டு. பின்பாதியில் உள்ள சலா என்பது தீவுக்கான லாட்வியச் சொல். அப்படியானால், தீவு என்ற பொருள் முன்பாதியில் செத்துப்போனதால் பின்னால் இன்னொரு தீவைக் கட்டவேண்டி வந்தது. இப்படி இரட்டித்த பெயரைப் பார்த்தால், வாங்கியவருக்குப் பொருள் தெரியவில்லை, ஒலி மட்டும்தான் கிடைத்தது என்று முடிவு கட்டலாம். மறுபுறம், பார்த்தவுடன் எஸ்டோனியம் என்று துள்ளவைக்கும் சொற்கள் ஏமாற்றிவிடும். ஜமீன் மாளிகையைக் குறிக்கும் லாட்வியச் சொல் முய்ஷா, எஸ்டோனியத்தின் மொய்ஸ் என்பதோடு உறவுடையது. வீட்டைக் குறிக்கும் மாயா என்பதும் அப்படியே. இவை லிவோனியம் போன்ற, எஸ்டோனியத்தோடு உறவுடைய ஃபின்னிக் மொழிகளிலிருந்து எப்போதோ லாட்வியத்தில் புகுந்து, பொதுச்சொற்களாகிவிட்டன. லாட்வியாவில் நூற்றுக்கணக்கான முய்ஷாக்கள் உண்டு. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் எஸ்டோனியக் குடியேற்றத்தைத் தேடினால், நம்மூர்ப் பெயர்களில் வரும் ஒவ்வொரு ‘பேட்டை’க்கும் ஒரு சந்தையைத் தேடி அலைந்த கதையாக முடியும்.

இப்போது லுட்ஸாவுக்குப் போவோம். இல்ஸெனெயிலிருந்து தென்கிழக்கே, லாட்கலெ என்ற மாநிலத்தில், ஏரிகளுக்கு நடுவே குன்றின்மேல் இடிந்த கோட்டையோடு நிற்கும் பழைய நகரம் அது. அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் எஸ்டோனிய வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள் என்பதைக் கேள்விப்பட்டு 1893-இல் ஆஸ்கர் கல்லாஸ் என்ற இளைஞர் வந்தார். பின்னாளில் லண்டனில் எஸ்டோனியாவின் தூதராக இருந்தவர். அவர் கணக்கெடுத்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வழியினர். அவர்களில் சிறுபகுதியினரே எஸ்டோனியம் பேசினார்கள். 1894-இல் ‘லுட்சி மாரஹ்வாஸ்’ என்ற நூலும், 1900-இல் அவர்களின் எண்பது நாட்டுக்கதைகளும் வெளிவந்தன. தங்கள் முன்னோர் ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்ததாக அந்த மக்கள் சொல்லிவந்தார்கள். ஸ்வீடன் ஆண்ட எஸ்டோனியாவைத்தான் அது குறிக்க வேண்டும். ஆக, கணிசமான மக்கள்தொகை, நிறைய ஊர்கள், 2006 வரை இழுத்துக்கொண்டு வந்த பேச்சு. சுவடு விட்டுச்செல்ல இதைவிட என்ன வேண்டும்? ஆனால் லுட்ஸா வட்டாரத்தின் வரைபடத்தை விரித்தால் எஸ்டோனியம் கண்ணில் படுவதே அரிது. பில்டா, நிர்ஸா, மேர்ட்ஸெனெ என்ற பேரூர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பெயர்கள் பெரும்பாலும் ஸ்லாவிய வார்ப்பு, மேலே லாட்விய விகுதி. லுட்சி கடைசிவரை பேசப்பட்ட ஊர்களில் ஒன்று லியெலியெ த்யாப்ஷி. லியெலியெ என்பது பெரிய என்ற பொருளுள்ள லாட்வியச் சொல். மீதியில் எஸ்டோனியரின் வாசனையே இல்லை. ஊர்களுக்கு அரசாங்கப் பெயர் ஒன்றும், அடுப்படிப் பெயர் இன்னொன்றுமாக இரண்டு இருந்தன. அடுப்படிப் பெயர் கல்லாஸ் போன்றவர்களின் குறிப்பேட்டுக்குள் போயிற்று. அரசாங்கப் பெயர் வரைபடத்தில் நின்றது.

என் வாதத்தை மறுக்க விரும்புகிறவருக்கு இதுவே நல்ல இடம். பெயர்கள் கைமாற இருமொழி பேசிய காலம் வேண்டும் என்றால், லுட்சி மக்களுக்கு அது தாராளமாகவே இருந்தது. எஸ்டோனியத்தோடு லாட்கலிய மொழியும் ரஷ்யமும் அறிந்த தலைமுறைகள் பல. பிறகு ஏன் பெயர்கள் கைமாறவில்லை? நியாயமான கேள்வி, பதில் நிலத்தில் இருக்கிறது. ஸ்வீடன் அதிகாரிகள் லிவோனியாவை அளந்துகொண்டிருந்தபோது லாட்கலெ போலந்தின் கையில் இருந்தது. 1772-இல் ரஷ்யா அதைப் பிடித்தபின் வீடெப்ஸ்க் மாகாணத்தோடு சேர்ந்தது. கொத்தடிமை முறை இங்கே ஒழிந்தது 1861-இல். வடக்கேயுள்ள அண்டை மாநிலத்தைவிட நாற்பதாண்டு தாமதம். ஒற்றைப் பண்ணைவீடு இங்கே வழக்கமில்லை. வீடுகள் நெருங்கி ஊராக இருந்தன, ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் நீள்நீளமான துண்டுகளாக ஊர்ப்பொதுவில் சிதறிக் கிடந்தது. பெயர் ஊருக்கு, வீட்டுக்கு இல்லை. ஊர்ப் பெயரை எழுதியவர் முதலில் போலிஷ் எழுத்தர், பிறகு ரஷ்ய எழுத்தர். அதோடு 1865 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதற்கு இங்கே தடை. லாட்கலியர்களின் சொந்த மொழிக்கே அச்சு இல்லாதபோது அவர்களுக்கு நடுவே இருந்த எஸ்டோனியரின் மொழியை யார் எழுதுவார்கள்? இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் ஊர்கள் கலைக்கப்பட்டு நிலம் தனிப்பண்ணைகளாகப் பிரிந்தபோதுதான் வீட்டுக்கு வீடு பெயர் தேவைப்பட்டது. அதற்குள் பெயர் வைக்கவேண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் வாயில் எஸ்டோனியம் இல்லை. கூட்டல் கழித்தல் எளிது: வடக்கே பெயர் பதிந்தபிறகு மொழி போயிற்று, தெற்கே மொழி போனபிறகு பெயர் பதிந்தது. இருமொழிக் காலம் அவசியம்தான், அது மட்டும் போதாது. பெயரைச் சுமக்க ஒரு நிலையான நிலத்துண்டும், அதை எழுத ஓர் ஏடும் அந்தக் காலத்துக்குள்ளேயே அமைந்திருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். லெய்வு மக்கள் குடியேறியவர்களே இல்லை, லாட்வியர் வடக்கே பரவுவதற்கு முன்பே அங்கிருந்த பழைய ஃபின்னிக் குடியின் மிச்சம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டையொட்டித் தென் எஸ்டோனியாவிலிருந்து வந்தவர்கள் என்று கருதுவோரும் உண்டு. முதல் கட்சி சரியென்றால் இல்ஸெனெயின் பெயர்கள் பண்ணைக் கணக்கால் நின்றவை என்று சொல்ல முடியாது, வெறுமனே பழமையால் நின்றவை ஆகிவிடும். ஆனால் பழமை ஒரு பெயருக்குக் காவல் இல்லை என்பதற்கு அஸ்தியார்வே சாட்சி. நாளாகமத்தில் ஏறிய பெயர், ஒரு பெரிய ஏரியின் பெயர், அதுவே உதிர்ந்துபோயிற்று. ஒரு சதுப்போரத்துப் பண்ணையின் பெயர் நின்றது. மேலும் லெய்வுப் பேச்சே நீண்ட கூட்டுவாழ்வின் அடையாளத்தைத் தொண்டையில் சுமந்தது. லாட்வியத்தில் சில உயிரொலிகள் நடுவில் சட்டென்று அடைபட்டு மீண்டும் திறக்கும். உடைந்த தொனி என்பார்கள். எஸ்டோனியத்தில் இல்லாத அந்த உடைவு லெய்வில் வந்துவிட்டது. ஒரு மொழியின் ஒலிக்குள்ளேயே அண்டை மொழி புகுந்துவிடுவது ஒரு தலைமுறை வேலை இல்லை. குடியேறியவரோ பூர்வகுடியோ, இரண்டு மொழியும் ஒரே வாயில் நெடுநாள் இருந்தன என்பதற்கு அது போதும். என் வாதத்துக்குத் தேவையானதும் அவ்வளவுதான். எவ்வளவு பழையவர்கள் என்பதைப் பெயர்களைக் கொண்டு தீர்ப்பது, பெயரின் காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் மக்களின் காலத்தைச் சொல்வதாகும்.

அயலார் வைத்த பெயர்கள் இன்னும் தந்திரமானவை. லாட்வியத்தில் எஸ்டோனியரை இகௌனிஸ் என்பார்கள். உகாண்டி என்பது தார்த்து, ஓதெபெ நகரங்களைச் சுற்றிய பழைய தென் எஸ்டோனிய நாட்டின் பெயர். வாசலில் நின்ற அந்த ஒரு நாட்டின் பெயரையே லாட்வியர்கள் முழு எஸ்டோனியாவுக்கும் இகௌனியா என்று நீட்டிவிட்டார்கள். லாட்வியாவில் பண்ணைக்கோ குடும்பத்துக்கோ இகௌனி என்ற பெயரைக் கண்டவுடன் இதோ எஸ்டோனியர் ஊர் என்று குறித்துக்கொள்ளத் தோன்றும். யோசித்தால் அது எதிர்த்திசையில் சாட்சி சொல்கிறது. ஊர் முழுக்க எஸ்டோனியர் இருந்தால் ஒருவரை மட்டும் எஸ்டோனியன் என்று அடையாளம் காட்ட என்ன அவசியம்? அந்தப் பெயர் ஒட்டிய இடத்தில் அவர் தனியாள். ஆளையே தவறாகக் காட்டிய பெயரும் உண்டு. 1440-களில் ஜெர்மானிய டியூட்டானிக் சபை வீரர்கள், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையிலுள்ள இங்ரியா பக்கத்திலிருந்து வோட் மொழி பேசிய மக்களைச் சிறைபிடித்து வந்து தெற்கே பௌஸ்கா அருகே குடிவைத்தார்கள். அவர்கள் பேசியது எஸ்டோனியத்துக்கு நெருங்கிய உறவுமொழி. லாட்வியர்களோ அவர்களைக் கிரியெவினி, அதாவது குட்டி ரஷ்யர்கள் என்றார்கள். ரஷ்யா இருந்த திசையிலிருந்து வந்தவர்கள் என்பதால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பேச்சு மறைந்தது. பெயரை மட்டும் நம்பினால் பௌஸ்காவில் ரஷ்யர்களைத் தேடிக்கொண்டிருப்போம். தாங்களே வைத்துக்கொண்ட பெயரும் நினைக்கிற அளவு பேசாது. லுட்சி மக்கள் தங்களை மாரஹ்வாஸ், மண்ணின் மக்கள் என்றார்கள். அந்நிய மண்ணில் அந்தப் பெயர் உருக்கமாக ஒலிக்கிறது. ஆனால் எஸ்டோனியாவிலும் உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். 1857-இல் பத்திரிகையாசிரியர் யான்சென் தன் செய்தித்தாளில் எஸ்டோனிய மக்களே என்று விளித்தபிறகுதான் புதிய பெயர் பரவியது. அந்தச் செய்தித்தாள் லுட்ஸா ஊர்களுக்கு எட்டவில்லை, பழைய பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

பெயர்களை அழித்தது மொழிமாற்றமா, அரசாங்கமா என்று கேட்பவர்களுக்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. 1949 மார்ச்சில் லாட்வியாவிலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பண்ணைக் குடும்பங்கள். பிறகு கூட்டுப்பண்ணை வந்தது. அதன்பின் நிலவடிகால் திட்டம்: ஓடைகள் நேர்க்கோட்டு வாய்க்கால்களாயின, தனிவீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் மையக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். வளைவை இழந்த ஓடைக்கு அந்த வளைவின் பெயர் எதற்கு? இதில் தப்பிக்காத பெயர்களில் லாட்வியப் பெயர்களே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என்றாலும் இந்தப் புல்டோசர் கணக்கு லெய்வுக்கும் லுட்சிக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்காது, இரண்டு இடத்திலும் அது ஒரேமாதிரிதான் ஓடியது. அதற்கு முன்பே ஏட்டில் ஏறியிருந்த பெயர்கள் வீடு இடிந்தபிறகும் மிஞ்சின. மொழியியலாளர் யானிஸ் எண்ட்ஸெலீன்ஸ் தொகுத்த ‘லாட்விய இடப்பெயர்கள்’ நூலின் முதல் பாகம், விட்ஸெமெ பகுதிக்கானது, 1922-இல் வந்தது. மேற்கு மாநிலமான கூர்ஸெமெக்கும் லாட்கலெக்குமான இரண்டாம் பாகம் 1925-இல். கூட்டுப்பண்ணைக்குக் கால் நூற்றாண்டு முன்பே காகிதத்தில் ஒரு நாடு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒருமுறை மேற்குக் கடற்கரைக்குப் போய்வருவது நல்லது. கூர்ஸெமெயின் வடமுனையில் லிவோனியர்களின் மீன்பிடி ஊர்கள் பன்னிரண்டு. அவர்கள் எஸ்டோனியர் இல்லை, ஆனால் பேசியது உறவுமொழி. அதைத் தாய்மொழியாகக் கற்ற கடைசித் தலைமுறையின் இறுதி ஆள் 2013-இல் கனடாவில் இறந்தார். வல்காவில் பார்த்த மூன்று வழிகளும் இந்தக் கரையில் ஒரு பிற்பகலுக்குள் திரும்ப வரும். கூவோல்கா ஒலிமாறிக் கோல்கா ஆனது. ஊஷ்கிலா, அதாவது புதிய ஊர், மொழிபெயர்ந்து யௌன்ஸியெம்ஸ் ஆனது. அதற்கும் புதிய ஊர் என்றே பொருள். பிஸா முழுக்க மறைந்து, கலங்கரை விளக்கத்தின் பெயரால் மிகெல்தோர்னிஸ் ஆயிற்று. எனக்குப் பிடித்தது மஸிர்பெ. லிவோனியர்களுக்கு அது இரெ, அதே கரையிலுள்ள இன்னோர் ஊர் ஈரா. லாட்வியத்தில் இரண்டும் சிறிய இர்பெ, பெரிய இர்பெ. இர்பெ என்றால் கவுதாரி! பெயர்ப்பலகையைப் படிக்கும் லாட்வியருக்குச் சின்னக் கவுதாரி என்றுதான் கேட்கும். இந்தக் கரைக்கு லாட்வியச் சட்டம் ஒரு தனியிடம் தருகிறது. 1999-இல் இயற்றிய அரசமொழிச் சட்டம் இடப்பெயர்கள் லாட்வியத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, லிவோனியக் கரையில் மட்டும் லிவோனியத்திலும் வைக்கலாம் என்கிறது. லெய்வுக்கும் லுட்சிக்கும் அந்த வரி கிடையாது. லிவோனியர்கள் பூர்வகுடிகள், இவர்கள் வந்தேறிகள் என்ற பாகுபாடுதான் அடியில் இருக்கிறது. முந்நூறு ஆண்டு உழுதவரை வந்தேறி என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் பலகை வைப்பதால் வாதம் மாறாது. கோல்காவில் லிவோனியப் பெயரைப் பலகையில் எழுத முடிகிறதென்றால், அதை எழுதிவைத்த யாரோ ஒருவர் முன்னால் இருந்தார் என்பதால்தான். 2020-இல் உல்டிஸ் பலோடிஸ் லுட்சி மொழிக்கு ஓர் அரிச்சுவடி எழுதினார். லுட்ஸா ஊர்களுக்கு நாளை பலகை வந்தாலும், அதில் எழுதவேண்டிய பெயரை ஊரில் கேட்க முடியாது, கல்லாஸ் போன்றவர்களின் குறிப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கிராஸ்னாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லாஸ் 1901-இல் அங்கே போனபோதே பாட்டிகளின் நினைவில்தான் மொழி இருந்தது. 1903-இல் சிறிய நூல் ஒன்று எழுதினார். அந்த வட்டாரம் இன்று லாட்விய எல்லைக்கு அப்பால், ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியே இருக்கிறது. ஊரின் பெயர் கிரஸ்னோகொரோட்ஸ்க். பழைய ரஷ்யத்தில் அழகானது, இன்றைய ரஷ்யத்தில் சிவப்பு என்று பொருள்படும் சொல் அதில் இருக்கிறது. எஸ்டோனியம் பேசிய குடியானவர்கள் அந்தச் சொல்லின் முதல் உயிரை நீட்டி, தங்கள் காதுக்கு ஏற்றபடி கிராஸ்னா ஆக்கிக்கொண்டார்கள். லுட்ஸா நகரத்தைச் சுற்றியிருந்தவர்களும் அதை லுட்சி என்றார்கள். இரண்டு நகரங்களையும் அவர்கள் கட்டவில்லை, இரண்டு பெயர்களையும் அவர்கள் வைக்கவில்லை. அங்கே உள்ள வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் அவர்கள் வைத்த பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆய்வேடுகளில் அந்த மக்களுக்கு நிற்கும் பெயரோ இரவல் பெற்ற இந்த ஊர்ப்பெயர்தான். கிராஸ்னா என்ற நெடில் உச்சரிப்பை இப்போது கிரஸ்னோகொரோட்ஸ்கில் கேட்க முடியாது. தார்த்துவின் நூலகத்தில், 1903-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் அட்டையில் இரண்டு அகரமாக அச்சாகியிருக்கிறது.